மூன்றாவது சொம்புத் தண்ணீர்

பாப்பாவுக்கு மொட்டை அடிப்பதை நான் இரண்டு முறை தள்ளிப்போட்டேன். முதல் முறை சளி என்று சொன்னேன். சளி இருந்தது உண்மைதான். இரண்டாவது முறை என் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். அது பாதி உண்மை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும் என்பதால் அந்தக் காரணம் எடுபட்டது. இரண்டு முறையும் நான் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றுதான். தண்ணீர்.

நேர்த்திக்கடன் வைத்தது அண்ணி, என் கணவரின் அக்கா. பாப்பா மாதம் நிறையாமல் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அண்ணி ஆற்றங்கரை மாரியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பிழைத்தால் மூன்று வயதில் இங்கேயே முடி இறக்கி, இந்த ஆற்றுத் தண்ணீரையே மூன்று சொம்பு தலையில் ஊற்றுகிறேன் என்று. பிள்ளை பிழைத்தது. மூன்றாவது வயதும் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு இரட்டைப்படை, அந்த வயதில் மொட்டை அடிக்க மாட்டார்கள். ஐந்து வரை காத்திருக்க வேண்டும். அண்ணிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கடன் கழுத்தில் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்பார்.

அண்ணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாமியார் போன பிறகு என் கணவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்ததில் இரண்டு குதிகாலிலும் வெடிப்பு. இனிப்பு நீர் நோயும் சேர்ந்துகொண்டதால் அந்த வெடிப்புகள் ஆறுவதே இல்லை. எங்களோடுதான் இருக்கிறார். பாப்பாவை நான் பெற்றேன், அவ்வளவுதான். தூக்கத்தில் அவள் கூப்பிடுவது அத்தையை.

நாங்கள் இருப்பது ரெம்பியாவை ஒட்டிய ஒரு புதிய வீடமைப்புத் தாமானில். முன்பு அது தோட்டம். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. என் கணவரும் அண்ணியும் பிறந்த லயத்து வீடு, இப்போது விளையாட்டு மைதானம் என்று பலகை நட்டிருக்கும் இடத்தில் இருந்ததாம். தோட்டம் கைமாறி ஆட்கள் கலைந்து போன பிறகு கோயிலும் ஆறும் மட்டும் மிஞ்சின. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அண்ணி ஆசைப்பட்டதால்தான் இங்கே வீடு வாங்கினோம். அப்போது நான் அலோர் காஜாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், வீடு வாங்குகிறவர்களின் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். இரண்டாம் கட்டம் என்றால் ஒரு குன்று என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஆறு என்று சொல்கிறோமே தவிர, அது ஓடைதான். கோயில் படியிலிருந்து இறங்கினால் முழங்கால் அளவு தண்ணீர். நாங்கள் குடிவந்த புதிதில் அடியில் கிடக்கும் மணல் தெரியும். மேலே குன்றில் செம்பனை, கீழே ரும்பியா எனும் சவ்வரிசி மரங்கள் அடர்ந்த சதுப்பு. ஊருக்குப் பெயர் வந்ததே அந்த மரத்தால் என்பார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் அந்தச் சதுப்பு வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். ஒரு முறை நீர்நாய் குடும்பம் ஒன்று வரிசையாக நீந்திப் போனதைப் பார்த்தோம். பாப்பா அதற்கு டாட்டா காட்டினாள்.

பிறகு இரண்டாம் கட்டத்துக்காகப் பெக்கோ வந்தது. மண் தோண்டுகிற அந்த இயந்திரங்களுக்கு இங்கே அதுதான் பெயர். குன்றைச் சீவி, அந்த மண்ணைக் கொண்டே சதுப்பை நிரப்பினார்கள். லோரிகள் விடிந்ததிலிருந்து ஓடின. நான் துணி காயப்போட முடியாமல் வீட்டுக்குள் கட்டிய கொடியில் போட்டேன். முதல் பெருமழைக்கு ஆறு தே தாரிக் என்கிற பால் தேநீரின் நிறத்தில் வந்தது. மழை விட்டும் அந்த நிறம் மாறவில்லை. கெண்டை மீன்கள் வாயை மேலே நீட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கின. மறுநாள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. மணல் இருந்த இடத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை வழவழவென்று சேறு.

ஆந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன் மேல் மரப்பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பார்கள். செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளை அவை பிடிக்கும். குன்றில் இருந்த பெட்டிகளெல்லாம் மரங்களோடு சாய்ந்த பிறகு, கோயிலுக்குப் பின்னால் ஆற்றோரம் இரண்டு பெட்டிகள் மட்டும் நின்றன. அங்கிருந்து வரும் அலறல் எங்கள் அறைவரை கேட்கும். குறைமாதப் பிள்ளை இருக்கிற வீடு. அண்ணி காதைப் பொத்திக்கொள்வார்.

"அது சும்மா கத்தல. யாரையோ கூப்புடுது."

"எலி புடிக்கிற பறவை அண்ணி அது."

"எலி புடிக்கட்டும். கோயில் பக்கத்துல உக்காந்து ஏன் கத்தணும்?"

நான் படித்தவள்தான். ஆனால் பாப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் நானும் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். அண்ணி மட்டுமல்ல, கோயிலுக்கு வந்த எல்லோருமே அதைச் சொன்னார்கள். கோயில் தலைவர் போய் வீடு கட்டும் இடத்துச் சூப்பர்வைசரிடம் கேட்டார். அவர் மறுநாளே பெக்கோவை அனுப்பி இரண்டு கம்பங்களையும் பிடுங்கிப் போட்டார். கூடவே, கேட்காமலே, கரையில் இருந்த மூங்கிலையும் புதரையும் வழித்துச் சுத்தமாக்கிக் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். திருவிழாவில் அவரை மேடைக்கு அழைத்து மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பெக்கோவுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் குங்குமம் இட்டார் பூசாரி. சூப்பர்வைசர் சீனர். பொன்னாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மலாயில் தலைவரிடம், "இது போத்திக்கிட்டுப் படுக்கவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கைதட்டினேன். பாப்பாவின் கையைப் பிடித்து அவளையும் தட்ட வைத்தேன்.

எலிகள் அதற்குப் பிறகு வந்தன. குன்றில் இருந்தவை எங்கே போகும், எங்கள் வரிசைக்குத்தான். கூரைக்கும் உள்தளத்துக்கும் நடுவே ஓடின. துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயைக் கடித்தன. பின்பக்கச் சாக்கடையான லோங்காங்கில் பகலிலேயே அலைந்தன. ஆந்தை இருந்திருந்தால் குறைந்திருக்குமா? இரண்டு பெட்டி ஆந்தைகள் ஒரு குன்றின் எலிகளை என்ன செய்துவிடும்? எனக்குத் தெரியவில்லை. இதை நான் பல முறை யோசித்து, பல விதமாக முடித்திருக்கிறேன்.

அடைத்துக்கொண்ட லோங்காங்கை வெறுங்காலோடு இறங்கிச் சுத்தம் செய்த பின்வரிசை வீட்டுக்காரர் ஒருவர் காய்ச்சலில் விழுந்து பல நாள் வார்டில் கிடந்தார். கென்சிங் திக்குஸ் என்றார்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சல். அடுத்த முறை பாப்பாவுக்கு ஊசி போட அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது தாதியிடம் கேட்டேன். உடம்பில் கீறல், புண் எதுவும் இருந்தால் ஆற்று நீர், சாக்கடை நீர் படவே கூடாது என்றார். தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் இருக்கலாம் என்றார்.

அன்றிலிருந்து எனக்குக் கண்ணை மூடினால் சவரக்கத்தி பட்ட சின்னத் தலைதான்.

ஆற்றைப் பற்றிச் சுற்றுச்சூழல் இலாகாவில் புகார் கொடுத்தேன். ஆட்கள் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். வந்த வாரம் மழை இல்லை. ஆறு ஓரளவு தெளிந்து, அடிச்சேறு அசையாமல் கிடந்தது. இதுவா, என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு எனக்கே சந்தேகம் வந்தது, நான்தான் பெரிதாக்குகிறேனோ என்று. அன்று மாலை துணி துவைக்கும்போது, என் இயந்திரத்தின் நுரை லோங்காங்கில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். அந்த லோங்காங் போய்ச் சேருவது அதே ஆற்றில்தான். நான் நிற்கிற இந்த வீடும் ஏதோ ஒரு சதுப்பை நிரப்பித்தான் எழும்பியிருக்க வேண்டும். யாரிடம் போய் என்ன சொல்வது?

மூன்றாவது முறை நாள் குறித்தபோது என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. சமையலறையில் அண்ணியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணி, பைப் தண்ணிய ஊத்திக்கலாமா?"

"பைப் தண்ணி வீட்டுலயே ஊத்தலாம்லா. அதுக்கு எதுக்குக் கோயிலு?"

"ஆத்துத் தண்ணியவே எடுத்து, கொதிக்க வெச்சு ஆற வெச்சு…"

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாமிக்கு வேண்டிக்கிட்ட தண்ணிய யாராவது அடுப்புல ஏத்துவாங்களா?"

என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் தலையில படுற தண்ணி. ரொம்ப யோசிக்காதம்மா" என்றார். ரொம்ப யோசிக்காதே என்று சொல்பவர்களுக்கும் சேர்த்துத்தான் நான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அண்ணி தன்னால் முடிந்த அளவு இறங்கி வந்தார். அதை நான் சொல்லியாக வேண்டும். முந்தின நாளே குடத்தில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துவந்து, படிகாரம் போட்டுக் கலக்கி, மூடி வைத்தார். காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சேறு அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது.

"பாரு, கண்ணாடி மாதிரி இருக்கா? இப்ப சரியா?"

அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. நான் தலையாட்டினேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் அந்தக் குடத்தைத் தூக்கி அடுப்பில் ஏற்றி இறக்கியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. குடத்துக்கு முன்னால் நின்று அதையும் யோசித்தேன். பெரியவர்களை ஏமாற்றக் கூடாது என்று வளர்ந்தவள். பதிலாக, கொதிக்க வைத்து ஆறிய பைப் தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றிப் பாப்பாவின் பால்பைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்கென்று எனக்கே தெளிவில்லை.

கோயிலில் கூட்டம் அதிகமில்லை. எங்கள் குடும்பம், பூசாரி, முடி இறக்குகிற அண்ணன், பழைய தோட்டத்து ஆட்கள் சிலர். தம்பி சப்பணமிட்டு உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். அவள் முதல் கொத்து விழும்வரை சிரித்தாள். பிறகு அலறினாள். தலையைத் திருப்பினாள்.

"புடிங்க தம்பி, கெட்டியா புடிங்க" என்றார் முடி இறக்குகிறவர்.

"அண்ணே, பிள்ளை நெளியுது, நான் என்ன பண்றது? நீங்க வேணும்னா மடியில வெச்சுக்குங்க."

"நான் மடியில வெச்சுக்கிட்டா தாய்மாமன் சீரையும் நான்தான் குடுக்கணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பாப்பா மறுபடி துள்ளினாள். இடது காதுக்குப் பின்னால் கத்தி பட்டது. சின்னக் கீறல். கடுகு அளவு ரத்தம் எட்டிப் பார்த்து, கழுத்துப் பக்கம் இழையாக இறங்கியது.

அண்ணி குடத்திலிருந்து சொம்பில் மொண்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, பாப்பாவின் தலைக்கு மேலே தூக்கினார்.

"அண்ணி, ஊத்தாதீங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவர் சொல்லுக்கு நான் குறுக்கே பேசியதில்லை. என் கை அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சொம்பிலிருந்து கொஞ்சம் தளும்பித் தம்பியின் முழங்காலில் விழுந்தது.

"எல்லாரும் பாக்குறாங்க, கையை எடு" என்றார் அண்ணி, தணிந்த குரலில்.

"ரத்தம் வருது அண்ணி. அந்தத் தண்ணி வேணாம். வேற என்ன வேணும்னாலும் செய்றேன்."

பூசாரி சமாதானம் பேசினார். "விடும்மா, மஞ்சத் தண்ணியக் கொஞ்சம் தெளிச்சுக்கலாம். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. பாப்பாவின் காதுக்குப் பின்னால் இருந்த ரத்தத்தைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தார். பிறகு சொன்னார்: "வேண்டிக்கிட்டது நான். பிள்ளைக்கு வேணாம்னா என் தலையில ஊத்திக்கிறேன். கடன் வெச்சுட்டு நான் வீட்டுக்கு வர மாட்டேன்."

குடத்துத் தண்ணீரை அவர் தொடவில்லை. சொம்போடு படி இறங்கி, வெறுங்காலோடு ஆற்றுக்குள்ளேயே போனார். முந்தின நாள் குன்றுப் பக்கம் மழை. தண்ணீர் மறுபடி தே தாரிக் நிறம். கால் சேற்றில் புதைய, முழங்கால் வரை நின்று, ஒரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றினார். நெற்றிக் குங்குமம் கரைந்து மண் நிறத் தண்ணீரோடு கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது சொம்பையும் ஊற்றினார். மூன்றாவதற்குக் குனிந்தவர் சறுக்கினார். தம்பி பாப்பாவை என்னிடம் போட்டுவிட்டு ஓடி இறங்கி அவர் தோளைப் பிடித்துத் தூக்கினான். சொம்பு கையிலிருந்து நழுவி, குப்புற மிதந்து, மூங்கில் இருந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. முன்பானால் அங்கே வேரில் சிக்கியிருக்கும்.

நான் பால்பையைத் திறந்து, போத்தல் தண்ணீரைப் பாப்பாவின் தலையில் ஊற்றினேன். பூசாரி சந்தனம் தடவினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாப்பா சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு, "அத்த, மொட்ட" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அண்ணி அவள் தலையில் முத்தம் கொடுத்தார்.

அடுத்து வந்த நாட்களில் நான் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். தூங்கும்போது, சாப்பிடும்போது, விளையாடும்போது. காதுக்குப் பின்னால் இருந்த கீறல் காய்ந்து உதிர்ந்தது. காய்ச்சல் இல்லை. கொஞ்சம் மூச்சு விட்டேன். நான் தவறான நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணி கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். நின்று வேலை பார்த்த கால், அது எப்போதும் வலிப்பதுதானே என்று தைலம் தேய்த்துவிட்டேன். குளிர்கிறது என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டார். கண் சிவந்தபோது எலி ஓடுகிற சத்தத்தில் தூக்கமில்லை என்றார். அது மஞ்சளானபோதுதான் என் கணவர் காரை எடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், மலாய்ப் பெண், அண்ணியின் குதிகால்களைத் திருப்பிப் பார்த்தார். ஆற்றில் இறங்கினீர்களா அம்மா, வெள்ளத்தில் நடந்தீர்களா என்று கேட்டார்.

"தாக் அடா" என்றார் அண்ணி. இல்லை. "மழையில நனைஞ்சேன், அவ்வளவுதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு, சேறு, இரண்டு சொம்பு, வெடிப்புகள். சொல்லி முடித்தபோது அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆத்தா தண்ணியப் பத்தி வெளியாளுகிட்ட போய்ச் சொல்ற" என்றார் தமிழில். கோபம் இல்லை. அவமானம்தான் இருந்தது, அம்மாவைப் பற்றிக் கேவலமாகப் பேசக் கேட்டவர் போல.

ஆற்றிலிருந்துதான் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தினமும் காலையில் பின்பக்க லோங்காங்கை வெறுங்காலோடு கழுவி விடுவது அண்ணிதான். அதிலிருந்தும் வந்திருக்கலாம். நான் இந்த இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறேன். பிடி நிற்பதில்லை. அன்று நான் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால், படிகாரம் போட்டுத் தெளிந்த தண்ணீர் பாப்பாவின் தலையில் விழுந்திருக்கும். அண்ணி ஆற்றில் இறங்கியிருக்க மாட்டார். அப்போது இந்தக் கட்டிலில் கிடப்பது யார்? குடத்தை அடுப்பில் ஏற்றியிருந்தால்? இதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

இதை எழுதும்போது அண்ணி இன்னும் வார்டில்தான் இருக்கிறார். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரிக்கிறார்கள். பாப்பாவை உள்ளே விடுவதில்லை. அரை அங்குலம் முளைத்த முடியை நான் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணி படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, காதுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆறிடுச்சு" என்றார்.

"ஆறிடுச்சு அண்ணி."

சிறிது நேரம் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"மூணாவது சொம்பு ஊத்தல. அது பாக்கி" என்றார் கண்ணைத் திறக்காமலே. "அஞ்சு வயசுல பிள்ளைக்கு மறுபடியும் முடி எறக்கு. அப்ப ஊத்திரு. அந்தத் தண்ணிதான். வேற தண்ணி இல்ல. நான் இருந்தாலும் இல்லாட்டியும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"செய்றியா?"

காலையில் ஆஸ்பத்திரிக்கு வரும்போது கோயில் வழியாகத்தான் வந்தேன். மூன்றாம் கட்டத்துக்கான பலகையை நட்டுவிட்டார்கள். கோயிலுக்குக் கீழே ஆற்றை வளைத்து நேராக்கி, இரண்டு பக்கமும் சிமெண்டுப் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய போக்கில் தண்ணீர் நின்றுபோய், சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது. கோயில் படிகள் இப்போது அந்தச் சேற்றில்தான் இறங்குகின்றன. பாப்பாவுக்கு ஐந்து வயது ஆகும்போது அந்த இடம் யாருடைய வீட்டுப் பின்கட்டாக இருக்குமோ.

அண்ணியின் கையில் ஊசி குத்திய இடம் கருத்திருந்தது. அதில் படாமல் விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

"செய்றேன் அண்ணி" என்றேன்.